முதலாளியின் மதமும் தொழிலாளியின் மருத்துவமும்: ஒரு கேள்வி, பல விடைகள்

ஒரு சிகிச்சை பாவம் என்று முதலாளியின் மதம் சொல்கிறது. அதே சிகிச்சை தேவை என்று தொழிலாளியின் மருத்துவர் சொல்கிறார். தொழிலாளியின் மருத்துவக் காப்பீட்டுக்கு முதலாளியும் பணம் கட்டுகிறார் என்றால், அந்தக் காப்பீடு எதற்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது? அமெரிக்க நீதிமன்றங்களில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவில் அலசப்படுகிறது. ஆனால் கூலி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே காப்பீடு நுழைந்த நாடுகள் எதுவும் இதிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது.

செஞ்சி போன்ற ஓர் ஊரில் இக்கேள்வியை வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. கோட்டை அடிவாரத்தில் வேங்கடரமணர் கோயிலும், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் நிற்கின்றன. அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிறது. இப்பகுதிக் கத்தோலிக்கர்கள் புதுச்சேரி-கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அரிசி ஆலை, நகைக்கடை, ஜவுளிக்கடை, தங்கும் விடுதி, தனியார் பள்ளி என எதை எடுத்தாலும் உரிமையாளர் ஒரு மதமாகவும் வேலையாட்கள் பல மதமாகவும் இருப்பது இங்கே இயல்பு. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பிறகு, விடுதியும் உணவகமும் பெருகினால் முறையான சம்பள வேலைகளும் கூடலாம். அப்போது காப்பீட்டுக் கேள்விகளும் கூடும்.

இக்கட்டுரை இதுவரை சொல்லப்பட்ட முக்கிய விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் வரிசைப்படுத்துகிறது. மதம் என்ன சொல்கிறது என்பதைவிட, பணம் எந்த வழியாகப் போகிறது என்பதே இந்தச் சிக்கலின் கூர்மையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பது இந்த ஒப்பீட்டில் புலப்படும்.

## கேள்வி உருவான விதம்

1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த லீ வழக்கு இதற்கு ஒரு தொடக்கப் புள்ளி. ஆமிஷ் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு விவசாயி, தச்சுத் தொழிலும் செய்து வந்தார். தம்மிடம் வேலை செய்தவர்களுக்காகச் சமூகப் பாதுகாப்பு வரி கட்ட மறுத்தார். முதியோரையும் நோயாளிகளையும் திருச்சபைதான் காக்க வேண்டும், அரசின் காப்பீட்டில் சேர்வது இறைநம்பிக்கைக் குறைவு என்பது அவர் சமயத்தின் நிலை. அவருடைய நம்பிக்கை நேர்மையானது என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால், விரும்பி வணிகத்தில் இறங்கியவர் தம் நம்பிக்கையின் எல்லைகளைத் தொழிலாளர்மீது சுமத்த முடியாது என்று கூறி அவர் கோரிக்கையைத் தள்ளியது.

அடுத்த திருப்பம் 1990. பொதுவாக எல்லோருக்கும் பொருந்தும் நடுநிலையான சட்டத்திலிருந்து மதத்தின் பேரில் விலக்குக் கோர அரசியலமைப்பு இடம் தராது என்று ஸ்மித் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. அதற்கு எதிர்வினையாக 1993-இல் மத சுதந்திர மீட்புச் சட்டம் வந்தது. மதத்தின்மீது கணிசமான சுமை ஏற்றும் சட்டம், மிக முக்கியமான பொதுநலனுக்காகவும் மிகக் குறைந்த இடையூறு தரும் வழியிலும் மட்டுமே இயங்கலாம் என்றது அது.

2010-இல் வந்த ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள், கருத்தடை முறைகளையும் கட்டணமின்றித் தரும்படி நிறுவனக் காப்பீடுகளைப் பணித்தபோது இந்த இரண்டு மரபுகளும் மோதின. ஹாபி லாபி என்னும் கைவினைப் பொருள் கடைத் தொடரின் உரிமையாளர் குடும்பம், இருபது கருத்தடை முறைகளில் நான்கை மட்டும் எதிர்த்தது. கரு உருவான பிறகு அவை அதை அழிக்கக்கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2014 ஜூன் 30 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஒரு சிலர் கையில் மட்டும் உள்ள நிறுவனங்களும் மத சுதந்திர மீட்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரலாம் என்று தீர்ப்பு வந்தது. வழக்குகள் அதோடு ஓயவில்லை. கருத்தடைச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்கும்படி ஒரு படிவத்தில் கையெழுத்திட்டால் போதும் என்ற ஏற்பாட்டைக்கூட, ஏழை முதியோருக்குப் பணிவிடை செய்யும் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் சபை எதிர்த்தது. பரந்த விலக்குகளை வழங்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-இல் தீர்ப்பானது. எச்ஐவி தடுப்பு மாத்திரையை எதிர்த்த டெக்சாஸ் நிறுவனங்களின் வழக்கும் இதே வரிசையில் வருகிறது.

## முதல் நிலைப்பாடு: மனச்சான்று பிரிக்க முடியாதது

முதலாளியின் பக்கம் நிற்போரின் வாதம் உடந்தை என்ற கருத்தைச் சுற்றி அமைந்தது. பாவத்தைத் தானே செய்வதும், பிறர் செய்யப் பணம் கொடுப்பதும் ஒன்றுதான் என்று பல மதங்கள் போதிக்கின்றன. எது உடந்தை, எது இல்லை என்று எல்லைக் கோடு கிழிப்பது நம்புகிறவரின் வேலை, நீதிபதியின் வேலை அல்ல என்பது இதன் துணைவாதம். கத்தோலிக்கத் திருச்சபை 1968-இல் பாப்பரசர் ஆறாம் பவுலின் சுற்றறிக்கை மூலம் செயற்கைக் கருத்தடையை நிராகரித்தது. அதை ஏற்கும் ஒருவர், கருத்தடைக்குப் பணம் தருவதும் தவறே என்று கருதினால் அது முரணற்ற நிலைதான்.

இந்திய மரபிலும் இதற்குச் சாயல் உண்டு. கேரளத்தில் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும் பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் பிரிவுக் குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், அந்த நம்பிக்கை பகுத்தறிவுக்குப் பொருந்துகிறதா என்பது முக்கியமல்ல, அது உள்ளபடி மனச்சான்றில் வேரூன்றியதா என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் கருதியது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மனச்சான்று சுதந்திரத்தை எல்லா மனிதருக்கும் தருகிறது. அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு, வணிகம் நடத்தும் ஒருவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பது இந்த நிலைப்பாட்டின் இந்திய வடிவமாக இருக்கக்கூடும்.

இதன் பலவீனங்கள் மூன்று. முதலாவது, அந்தக் குழந்தைகளின் மௌனம் வேறு யார் கையிலிருந்தும் எதையும் பறிக்கவில்லை. முதலாளியின் மறுப்போ தொழிலாளிக்குச் செலவு வைக்கிறது. ஹாபி லாபி வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி கின்ஸ்பர்க் ஒரு கணக்கைச் சுட்டினார்: கருப்பையில் பொருத்தும் கருத்தடைச் சாதனத்தின் செலவு, குறைந்தபட்சக் கூலி பெறும் ஒருவரின் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். இரண்டாவது, நிறுவனம் என்பது தன் கடனிலிருந்து உரிமையாளரைக் காக்கும் தனி ஆள் என்று சட்டம் சொல்லும்போது, மனச்சான்றுக்கு மட்டும் இருவரும் ஒன்றே என்பது பொருந்துமா என்ற ஐயம். மூன்றாவது, எல்லை. கருத்தடை இன்று என்றால், நாளை இரத்தம் ஏற்றுவதும், பன்றியிலிருந்து எடுக்கும் ஹெப்பாரினும், விலங்கு ஜெலட்டினால் ஆன மருந்து உறைகளும் வரிசையில் வரலாம். இவை ஒவ்வொன்றையும் ஏதோ ஒரு மதத்தின் நேர்மையான நம்பிக்கை தொடுகிறது.

## இரண்டாம் நிலைப்பாடு: காப்பீடு என்பது கூலியின் பகுதி

தொழிலாளர் பக்கத்து வாதம் எளிமையானது. காப்பீடு முதலாளி தரும் அன்பளிப்பு அல்ல, உழைப்புக்குக் கிடைக்கும் கூலியின் இன்னொரு உருவம். சம்பளப் பணத்தில் தொழிலாளி என்ன வாங்குகிறார் என்று முதலாளி கேட்பதில்லை. காப்பீட்டில் அவர் எந்தச் சிகிச்சை பெறுகிறார் என்று மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

இந்திய நீதிமன்றங்கள் இதே கேள்வியைச் சந்திக்கவில்லை என்றாலும், அதன் பக்கத்து வீட்டுக் கேள்விகளைப் பல முறை சந்தித்துள்ளன. 1986-இல் பிராங்க் அந்தோணி பள்ளி ஊழியர் சங்க வழக்கில், சிறுபான்மையினர் நடத்தும் அரசு உதவி பெறாத பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் முதலான பாதுகாப்பை மறுத்த டெல்லிச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆசிரியருக்கு நியாயமான சம்பளம் கிடைப்பது, 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தரும் நிர்வாக உரிமையைக் குலைக்காது என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு வேலூரிலிருந்து வந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலைநீக்கம் தொடர்பாக எழுந்த தகராறில், தொழிற்தகராறுச் சட்டம் சிறுபான்மை நிறுவனமான தமக்குப் பொருந்தாது என்று நிர்வாகம் வாதிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. தொழிலாளர் நலனுக்காக எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இயற்றிய சட்டம், சிறுபான்மை நிறுவனத்தின் தன்மையைச் சிதைக்காதவரை அதற்கும் பொருந்தும் என்பது இதிலிருந்து பெறப்படும் கொள்கை.

அருட்சகோதரிகளும் குருக்களும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் வாங்கும் சம்பளத்துக்கு வருமான வரிப் பிடித்தம் கூடாது என்ற வழக்கிலும் இதே போக்கு தெரிகிறது. வறுமை விரதம் எடுத்தவர்கள் சம்பளத்தைச் சபைக்கே கொடுத்துவிடுகிறார்கள் என்று வாதிடப்பட்டது. 2019-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. பணம் கைமாறும் இடத்தில் சட்டம் விரதத்தைப் பார்ப்பதில்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், அது அளவுக்கு மீறி எளிமையாக இருப்பதுதான். சம்பளத்தில் முதலாளி செலவின் திசையைத் தேர்வதில்லை. காப்பீட்டுத் திட்டத்திலோ எது உள்ளே, எது வெளியே என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் அவரே. மேலே சொன்ன இந்திய வழக்குகள் எதிலும் ஒரு குறிப்பிட்ட சிகிச்சையைப் பாவம் என்று யாரும் எதிர்க்கவில்லை. அவற்றிலிருந்து கொள்கையை எடுக்கலாம், முடிவை எடுக்க முடியாது.

## மூன்றாம் நிலைப்பாடு: பொதுநிதியில் கரையும் மறுப்பு

இந்தியா 1948-இல் தேர்ந்த வழி வேறு. பி.பி. அதார்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக வந்த தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1955-இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. மக்கள் வழக்கில் அது இஎஸ்ஐ.

செஞ்சியில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய். 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி தொழிலாளியிடம் 0.75 விழுக்காடும் முதலாளியிடம் 3.25 விழுக்காடும் வசூலாகும். தொழிலாளி பங்கு 113 ரூபாய், முதலாளி பங்கு 488 ரூபாய். இரண்டும் சேர்ந்து ஈட்டுறுதிக் கழகத்தின் பொதுநிதிக்குப் போகிறது. அங்கே இந்த ஆலையின் பணம் என்று தனிப் பானை கிடையாது. அந்த நிதியிலிருந்துதான் மகப்பேற்றுப் பயனும், கருச்சிதைவுக்கு ஆறு வாரப் பயனும் தரப்படுகின்றன. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளும் ஆணுக்கு 7 நாளும் பெண்ணுக்கு 14 நாளும் முழுச் சம்பள அளவில் நோய்க்காலப் பயன் உண்டு. யாருக்கு எந்தச் சிகிச்சை தேவை என்ற மருத்துவ முடிவில் ஆலை முதலாளிக்கு இடமில்லை. அவர் மாதாமாதம் கட்டுவது வரியைப் போன்ற ஒரு தொகை.

விலக்கு தரும் பிரிவு சட்டத்தில் இருந்தது. ஆனால் அதன் அளவுகோல் கவனிக்கத்தக்கது. 2010 திருத்தத்துக்குப் பின், தொழிலாளர்கள் ஏற்கெனவே இஎஸ்ஐக்கு ஈடான அல்லது அதைவிட மேலான பயன்களைப் பெற்றால் மட்டுமே விலக்கு கிடைத்தது. முதலாளியின் நம்பிக்கை அந்தத் தராசில் இல்லை. 2010-இல் தமிழக அரசு தனியார் கல்வி நிறுவனங்களுக்கும் இஎஸ்ஐயை நீட்டித்தபோதும், கல்வி நிறுவனம் இச்சட்டத்தின் வரம்புக்குள் வருமா என்றுதான் வழக்கு நடந்தது. 2020-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த நீட்டிப்பை உறுதி செய்தது.

பங்களிப்புத் தொகைக்கும் மதத்துக்கும் நடுவிலான உறவை நீதிமன்றம் அலசிய பழைய சான்று ஒன்று சென்னை மாகாணச் சட்டத்திலிருந்தே வந்தது. 1954-இன் சிரூர் மட வழக்கில், மடங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஆண்டுப் பங்களிப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம், அது கட்டணம் அல்ல, வரி. அந்த வரியை விதிக்க மாகாணச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. மத சுதந்திரத்தின் பேரில் அந்தத் தொகை வீழவில்லை என்பது நம் கேள்விக்குப் பொருள் தரும் செய்தி. எது ஒரு மதத்தின் இன்றியமையாத கூறு என்ற சோதனையும் இந்த வழக்கிலேயே வேர் கொண்டது. அது சபரிமலை வழக்கின் தொடர்ச்சியாக 2019-இல் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பப்பட்டது.

பொதுநிதி வழியின் பலவீனம் அதன் எல்லையில் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த கடைகளுக்கு அது கட்டாயமில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர் அதற்கு வெளியே. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டையும் மணிலா மூட்டையும் தூக்குபவருக்கு ஒரே முதலாளி என்று யாரும் இல்லை. அவருக்குக் கை கொடுப்பவை அரசு மருத்துவமனையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும்தான். அந்தத் திட்டத்துக்குக் கட்டணம் செலுத்துவது அரசு. முதலாளி இல்லாத இடத்தில் முதலாளியின் மறுப்பும் இல்லை.

## நேரடிச் செலவு: கேள்வி கூர்மையாகும் இடம்

பொதுநிதிக்கு வெளியே உள்ளவர்களுக்கு இந்தியச் சட்டம் முதலாளியின் பையையே நேராகத் தொடுகிறது. 1961-இன் மகப்பேற்றுப் பயன் சட்டம் 1995-இல் திருத்தப்பட்டது. கருச்சிதைவுக்கு மட்டுமின்றி, சட்டப்படியான கருக்கலைப்புக்கும் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்றும், கருக்குழாய் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு என்றும் அது கூறியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதே விடுப்புகளை வைத்திருக்கிறது.

இப்போது செஞ்சியிலேயே ஒரு பெரிய ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். அதன் பெண் மேற்பார்வையாளரின் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் இஎஸ்ஐக்கு வெளியே. சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொண்டால் ஆறு வாரச் சம்பளத்தைக் கடை உரிமையாளரே தர வேண்டும். இடையில் பொதுநிதி இல்லை, காப்பீட்டு நிறுவனமும் இல்லை. உரிமையாளர் தீவிர கத்தோலிக்கராகவோ, கருவழிப்பை இம்சையாகக் காணும் சமணராகவோ இருந்தால், உடந்தை என்ற வாதம் ஹாபி லாபியைவிட இங்கே வலுவாகப் பொருந்தும். ஆனாலும் மதத்தின் பேரில் விலக்கு எதையும் சட்டம் சொல்லவில்லை. மனச்சான்று சுதந்திரத்தையே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டதாக 25-ஆம் பிரிவு வைத்திருப்பதும், சமூக நலச் சட்டங்களுக்கு அதே பிரிவு இடம் விடுவதும் அரசின் பக்கத்தை வலுவாக்குகின்றன.

நடைமுறையில் வேறொரு தடை இருக்கிறது. விடுப்புப் பெறச் சான்று காட்ட வேண்டும். சான்று காட்டினால் கருக்கலைப்புச் செய்தி முதலாளிக்குத் தெரியும். சிறிய ஊரில் அது கடையோடு நிற்காது. ஆகவே பலர் சாதாரண விடுப்பு எடுத்தோ சம்பளத்தை இழந்தோ விஷயத்தை முடித்துக்கொள்ளக்கூடும். மோதல் நீதிமன்றம் வராமல் போவதற்கு முதலாளியின் இணக்கம் மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது.

## மதம் பேசும் முன் பேசும் விலக்குப் பட்டியல்

நகர்ப்புற நிறுவனங்கள் ஊழியருக்கு எடுக்கும் குழு மருத்துவக் காப்பீடு மூன்றாவது வழி. அமெரிக்க மோதலுக்கு அமைப்பில் மிக நெருக்கமானது இதுதான். ஆனால் இங்கே ஒரு முரண் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட பொது விலக்குகளின் பட்டியலில், கருத்தடையும் மலட்டுத்தன்மைச் சிகிச்சையும் 17-ஆம் எண்ணிலும், மகப்பேறும் சட்டப்படியான கருக்கலைப்பும் 18-ஆம் எண்ணிலும் இடம்பெறுகின்றன. கூடுதல் கட்டணம் செலுத்தி மகப்பேற்றுப் பயனைச் சேர்க்கும் நிறுவனங்கள் பல உண்டு. அப்படிச் சேர்க்காவிட்டால் இவை பாலிசிக்கு வெளியேதான்.

அமெரிக்காவில் நம்பிக்கையின் பேரில் வழக்காடிப் பெற்றதை, இங்கே வணிகக் கணக்கு ஓசையின்றித் தந்துவிடுகிறது. முதலாளி தம் மனச்சான்றைச் சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. மகப்பேற்றுப் பயனைச் சேர்க்காமல் விட்டது சிக்கனமா, நம்பிக்கையா என்று யாரும் பிரித்தறியவும் முடியாது. தொழிலாளிக்கு விளைவு ஒன்றே.

இதில் விதிவிலக்காக நிற்பது எச்ஐவி. 2017-இன் எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், வேலையிலும் காப்பீட்டிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. இடர்க்கணக்கின் அடிப்படையில் மட்டுமே காப்பீட்டில் வேறுபாடு காட்டலாம். தடுப்பு மாத்திரைக்குக் காப்பீடு கட்டாயம் என்று இது சொல்லவில்லை, ஆனால் ஒழுக்கத் தீர்ப்புக்குக் காப்பீட்டில் இடமில்லை என்ற திசையைக் காட்டுகிறது.

## காப்பீடே கூடாது என்னும் மறுப்பு

இதுவரை பேசியது ஒரு சிகிச்சையின் மீதான மறுப்பு. காப்பீடு என்ற ஏற்பாட்டின் மீதே மறுப்பு எழுவதும் உண்டு. வட்டி, நிச்சயமின்மை, சூதாட்டக் கூறு ஆகிய மூன்றையும் காரணம் காட்டி இஸ்லாமிய அறிஞர்கள் பலர் வணிகக் காப்பீட்டை ஏற்பதில்லை. 1985-இல் ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டை விலக்கி, கூட்டுறவு முறைக் காப்பீட்டை மாற்றாகக் காட்டியது. மலேசியா 1984-லேயே தகாஃபுல் சட்டம் இயற்றியிருந்தது. பங்கேற்பாளர் ஒருவருக்கொருவர் நன்கொடையாகக் கட்டும் நிதியாக அது காப்பீட்டை மாற்றி அமைத்தது. 

இந்தியாவில் இந்த மறுப்பு தொழிலாளர் சட்டத்தோடு மோதாததற்கு இஎஸ்ஐயின் வடிவமும் ஒரு காரணமாக இருக்கலாம். லாப நோக்கின்றி, கட்டாயமாக வசூலித்து, தேவைக்கேற்பப் பகிரும் நிதி அது. வணிகக் காப்பீட்டைவிடக் கூட்டுறவு ஏற்பாட்டுக்கே அருகில் இருக்கிறது. ஆமிஷ் மக்களின் வழியும் ஒப்பிடத்தக்கது. லீ தோற்ற பின் 1988-இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் இருவருமே அந்தப் பிரிவினராக இருந்து, இருவரும் விரும்பினால் மட்டும் விலக்கு. மாற்று மதத்துத் தொழிலாளியின் உரிமையைத் தொடாமல் விலக்குக்கு எல்லை வகுக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் பல மதத்தார் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் ஊருக்கு இந்த வழி உதவாது.

## சிகிச்சை தருபவரே மறுத்தால்

முதலாளியே மருத்துவமனையாகவும் இருக்கும் இடத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக்கொள்கின்றன. பணம் தருவதை மறுப்பது ஒன்று, சிகிச்சை தருவதை மறுப்பது இன்னொன்று. இந்தியாவின் பெரிய மருத்துவ வலையமைப்புகளில் சில மத அமைப்புகளுடையவை. 1943-இல் குண்டூரில் அருட்சகோதரி மேரி குளோரியின் முயற்சியில் உருவான கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் அவற்றில் பழையது. 1971-இன் கருக்கலைப்புச் சட்டத்தில் மருத்துவர் மனச்சான்றின் பேரில் விலகலாம் என்ற வெளிப்படையான பிரிவு இல்லை. மறுபுறம், 2002-இன் மருத்துவ ஒழுக்க விதிகள், மருத்துவ ரீதியாகத் தேவைப்படும்போது கருத்தடை, கருக்கலைப்பு ஆகியவற்றை மதத்தை மட்டும் காரணம் காட்டி மருத்துவர் மறுக்கக் கூடாது என்கின்றன.

இது தனிமனித மருத்துவருக்கான விதி. ஒரு மருத்துவமனை நிர்வாகம் தன் கொள்கையாக ஒரு சேவையை வைக்காமல் இருப்பதை இது எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பது விவாதத்துக்குரியது. 2014-இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் இங்கே வேறு வழியில் சென்றது. இனப்பெருக்க நலச் சட்டத்தைப் பெரும்பாலும் உறுதி செய்த அது, அவசரமல்லாத நேரத்தில் நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பும்படி மத மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்திய பகுதிகளை நீக்கியது. சிகிச்சையில் மனச்சான்றுக்கு இடம், நிதியில் இடமில்லை என்ற பிரிவினைக்கு இது ஓரளவு துணை.

## தமிழகத்தின் பின்னணி

கருத்தடை இங்கே பெரிய மதச் சண்டையாக மாறாததற்கு அரசியல் வரலாறும் பங்களித்திருக்கலாம். 1920-களின் இறுதியிலிருந்தே பெரியார் கர்ப்பத்தடையைப் பெண்விடுதலையின் பகுதியாகப் பேசினார். பின்வந்த அரசுகள் குடும்பநலத் திட்டத்தை ஊக்கத்தோடு நடத்தின. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கருத்தடைச் சேவைகள் இலவசம் என்பதால், முதலாளி மறுத்தாலும் தொழிலாளிக்கு வேறு வாசல் உண்டு. அமெரிக்கத் தொழிலாளிக்கு அந்த வாசல் குறுகியது. அங்கே மோதல் கடுமையாவதற்கு இது ஒரு விளக்கம். ஆனால் இதை மட்டும் முழு விளக்கமாக வைத்தால், செலவைத் தாமே ஏற்கும் தனியார் ஊழியரும், செய்தி வெளியே தெரியும் என்று அஞ்சும் பெண்ணும் கணக்கில் விடுபடுவார்கள்.

## தீராது நிற்பவை

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், தொழிலாளர் நலச் சட்டத்துக்கு முன்னால் முதலாளியின் மதம் விலக்குப் பெறாது என்பதே இந்தியத் தீர்ப்புகளின் பொதுவான சாய்வு. வேலூர் வழக்கும் பிராங்க் அந்தோணி வழக்கும் அந்தத் திசையில் நிற்கின்றன. ஆயினும் ஹாபி லாபிக்கு ஈடான, ஒரு குறிப்பிட்ட சிகிச்சையை முதலாளியின் நம்பிக்கையோடு நேருக்கு நேர் நிறுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இங்கே கிடையாது. சாய்வை முடிவு என்று எடுத்துக்கொள்வது அவசரம்.

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. 25-ஆம் பிரிவின் மனச்சான்று சுதந்திரத்தை ஒரு தனியார் நிறுவனம் தன் பேரில் கோர முடியுமா என்பது முதலாவது. அந்தப் பிரிவு சொல்லும் சுகாதாரம் என்பது பொதுச் சுகாதாரத்தை மட்டும் குறிக்கிறதா, ஒரு தொழிலாளியின் தனிப்பட்ட சிகிச்சையையும் உள்ளடக்குமா என்பது இரண்டாவது. மூன்றாவது நடைமுறை சார்ந்தது: இஎஸ்ஐயின் சம்பள வரம்பு உயராமல், அதைத் தாண்டும் ஊழியர் எண்ணிக்கை மட்டும் கூடினால், மக்கள் பொதுநிதியிலிருந்து குழுக் காப்பீட்டுக்கு நகர்வார்கள். பொதுநிதியில் கரைந்து போன மறுப்பு, முதலாளி கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் மீண்டும் உருப்பெறலாம்.

ஆகவே, கொள்கை வகுப்போர் மதத்துக்கும் உரிமைக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வதற்கு முன், பணத்தின் பாதையைச் சீர்செய்வது பயன் தரக்கூடும். இஎஸ்ஐ வரம்பைக் காலத்துக்கேற்ப உயர்த்துவது, கருக்கலைப்பு விடுப்புக்கான சம்பளத்தை முதலாளியின் பையிலிருந்து பொதுநிதிக்கு மாற்றுவது, குழுக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலில் சட்டப்படி உரிமையான சிகிச்சைகள் இருப்பது சரியா என்று ஆராய்வது ஆகிய மூன்றும் முதலாளியின் நம்பிக்கையைத் தொடாமலே தொழிலாளியின் நிலையை மேம்படுத்த வல்லவை. இவற்றுக்கான செலவை யார், எந்த விகிதத்தில் ஏற்பது என்பதுதான் இனிக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியது.